மஞ்சளுக்குப் பயந்த ஜெலட்டின்

செங்கல்பட்டு மாவட்டத்திலேயே மஞ்சள் நிறத்தைப் பார்த்துப் பயந்த ஒரே மனிதன் ஜெலட்டின்தான். பேய்க்குப் பயப்பட மாட்டான். போலீசுக்குப் பயப்பட மாட்டான். எங்கள் ஸ்டூடியோ ஓனரின் மனைவிக்கு, ஓனரே நடுங்குகிற அந்த அம்மாளுக்கு, அவன் ஒருநாளும் பயந்ததில்லை. ஆனால் யாராவது எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்தால் எழுந்து வெளியே போய்விடுவான். பள்ளிக்கூட வேன் எதிரே வந்தால் சாலையின் அந்தப் பக்கம் மாறி நடப்பான். சாம்பாரில் மஞ்சள் தூக்கலாகத் தெரிந்தால் நேராக ரசத்துக்குத் தாவிவிடுவான்.

இப்படிப்பட்டவன் பார்த்த வேலை கல்யாண வீடியோ எடுப்பது. எங்கள் ஸ்டூடியோ ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் மாடியில் இருந்தது. தினம் இரண்டு கல்யாணப் பத்திரிகையாவது வரும். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவித்தான் வரும். ஜெலட்டின் கத்திரிக்கோலை எடுத்து நான்கு மூலையையும் நறுக்கிவிட்டுத்தான் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பான். ஓனர் அதைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வார்.

“டேய் கஸ்மாலம்! சாவுக் கடுதாசியத்தாண்டா கிழிப்பாங்க! நல்ல காரியத்துக்கு வந்த பத்திரிகைய இன்னாடா பண்ணி வச்சிகீற?”

“மஞ்சள மட்டுந்தான் வெட்னேன் ஓனரு. பேரு ஊரு எல்லாம் அப்டியே கீது பாரு.”

இவனைப் பற்றி இதே பக்கத்தில் சில வருஷங்களுக்கு முன் ஒருமுறை எழுதியிருக்கிறேன். ஒரு முழுக் கல்யாணத்தையும் நீலமாக எடுத்துவந்த வீடியோக்காரன் கதை. விழுந்து விழுந்து சிரித்ததாக நிறையப் பேர் கடிதம் போட்டார்கள். அந்தக் கட்டுரையில் ஒரு பெரிய தப்பு செய்துவிட்டேன். அதைத் திருத்தத்தான் இப்போது இதை எழுதுகிறேன். முதலில் அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

விளக்குக்கு முன்னால் கட்டுகிற கலர் தாளுக்கு எங்கள் தொழிலில் ஜெலட்டின் என்று பெயர். சிவப்பு, நீலம், பச்சை என்று அவன் சட்டைப்பையில் எப்போதும் நாலைந்து துண்டு மடித்து இருக்கும். டீ வந்தால் சிவப்புத் தாள் வழியாக ஒரு பார்வை. புது ஆள் அறிமுகமானால் நீலத் தாள் வழியாக ஒரு பார்வை. என்னை முதல் நாள் அப்படித்தான் பார்த்தான். நான் அங்கே எடிட்டிங் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இருவருக்கும் ஒரே வயது.

“பரவால்ல, நீ நீலத்துல நல்லாத்தான் கீற மச்சான்” என்றான். அது பாராட்டா என்று எனக்கு ரொம்ப வருஷம் தெரியவில்லை.

அவன் விளக்குப் போட்டால் விபரீதம் நிச்சயம். ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போனவன், பெயரைக் கேட்டதுமே மனசு கலங்கி, பெண்ணின் முகத்தில் பச்சை விளக்கை அடித்துவிட்டான். தாய்மாமன் சீர்த்தட்டைக் கீழே வைத்துவிட்டு அவனைத் தெருமுனை வரை துரத்தினார். பாலாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் ஆடி மாதம் கூழ் ஊற்றும் திருவிழா. எல்லாரும் அம்மனுக்கு மேலிருந்து விளக்குப் போடுவார்கள். இவன் தரையில் படுத்துக்கொண்டு கீழிருந்து சிவப்பு அடித்தான். அம்மனின் கண் இரண்டும் உயிர் வந்தமாதிரி எழும்பிவிட்டன. வரிசையில் நின்ற ஏழு பெண்களுக்கு ஒரே நேரத்தில் சாமி வந்தது. எட்டாவதாக எங்கள் ஓனருக்கு வந்தது. முட்டிவலியால் ஸ்டூடியோ மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிற மனிதர், பம்பை அடிக்கு ஈடுகொடுத்து ஆடினார்.

நான் பதறிப்போய், “டேய், ஓனருக்கு ஏதாவது ஆயிடப் போவுதுடா” என்றேன்.

“ஆவாது. வெளக்க எறக்குறேன் பாரு.”

இறக்கினான். ஓனர் நிதானமானார். ஏற்றினான். ஓனர் குதித்தார். மூன்று முறை இப்படி ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, அவனுக்கே பாவமாகப் போய் விளக்கை அணைத்தான். தர்மகர்த்தா ஓடிவந்தார். உதை விழப்போகிறது என்று நான் ஒதுங்கினேன். அவர் இவன் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, அடுத்த ஆடிக்கும் நீதான் வரணும்” என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் சொன்னான்: “பாத்தியா, சாமி வந்தா ஓனரு பொம்பள மாதிரி பேசுறாரு, எல்லாரும் கால்ல வுழுறாங்க. யாராவது கேலி பண்ணாங்களா? செவப்பு கீற வரைக்கும் எவனும் ஒண்ணும் கேக்க முடியாது மச்சான்.” அவன் குரல் ஒருமாதிரி இருந்தது. எனக்குத் தூக்கம் வந்ததால் நான் கவனிக்கவில்லை.

அதற்கு அடுத்த மாதம் படம் எடுக்கப்போவதாக அறிவித்தான். சினிமா இல்லை, வீடியோ ஆர்ட்டாம். மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்தில் வெளியூர் ஆட்கள் சிலர் சுவரில் இப்படி எதையோ ஓட்டிக்காட்டியதைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். பாட்டு இல்லை, சண்டை இல்லை, பேய் மட்டும் உண்டு. படத்தின் பெயர் ‘மஞ்ச வருது’.

கதை இதுதான். கடலோரக் குப்பம் ஒன்றில் ஒரு சாமியாடி. ஆடித் திருவிழா அன்றைக்கு அவன் மேல் அம்மன் வரும். அன்றைக்கு அவன் புடவை கட்டலாம், பூ வைக்கலாம், ஊரே காலில் விழும். மறுநாளிலிருந்து அவன் வெறும் ஆம்பளை. கல்யாணம் செய்துகொள்ள வேண்டிய ஆம்பளை. அவனுக்கும், அவனுக்காகப் பம்பை அடிக்கிறவனுக்கும் காதல். அந்தக் காதலைக் கெடுக்க வருகிற பேய் யார் என்றால், தாம்பாளத்தில் மஞ்சளும் பாக்கு வெற்றிலையும் ஏந்திவருகிற சொந்தக்காரர்கள்.

“ஆம்பளைக்கும் ஆம்பளைக்குமா?” என்று கேட்டேன்.

“ஏன், நீ எடிட் பண்ண மாட்டியா?”

“பண்றேன் பண்றேன். சொம்மா கேட்டேன்.”

சதுரங்கப்பட்டினம் பக்கத்தில் மூடிக்கிடந்த ஐஸ் கம்பெனி ஒன்று கிடைத்தது. ஜன்னலே இல்லாத கட்டிடம். நட்டநடுப் பகலிலும் உள்ளே கும்மிருட்டு. ஞாயிற்றுக்கிழமை காலை நாஸ்தாவை முடித்துவிட்டு செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறுவோம். சாமியாடியாக நடித்தது ஏழுமலை. அந்தக் குப்பத்துக்காரன்தான். படகு எஞ்சின் ரிப்பேர் செய்கிறவன். நல்ல உயரம், அதிகம் பேசமாட்டான், சிரித்தால் முகமே மாறிவிடும். ஜெலட்டினுக்கு அவன் எப்படிப் பழக்கம் என்று கேட்டதற்கு, “மீன் வாங்கப் போனப்ப” என்று ஒரு பதில் வந்தது. ஜெலட்டின் சைவம். அதையும் நான் கவனிக்கவில்லை.

பம்பைக்காரன் யார் என்றேன்.

“அவன் மூஞ்சி வராது. கேமராதான் அவன். அவன் பாக்குறது மட்டுந்தான் படம்.”

எனக்குத் தலைமைப் பேய் வேஷம். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம், கையில் மஞ்சள் தாம்பாளம். நான் கதவைத் திறந்து உள்ளே வந்து சிரித்த முகத்தோடு, “நல்லா இருக்கியா மாப்ள?” என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் வசனம். எனக்குப் பின்னால் கல்யாண மண்டபத்து விளக்கின் மஞ்சள் வெளிச்சம் கதவிடுக்கு வழியாகத் தரையில் ஊர்ந்து வரும். நான் பயங்கரமாக முறைத்தேன், பல்லைக் கடித்தேன்.

“முறைக்காதடா! பாசமா கேளு! உங்க சித்தப்பா கேக்குற மாதிரி கேளு!”

பாசமாகக் கேட்டேன். ஏழுமலை நிஜமாகவே பின்வாங்கிச் சுவரில் முட்டிக்கொண்டான். அந்தக் காட்சியைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது எழுந்துபோய் அறை விளக்கைப் போட்டுக்கொண்டேன்.

விளக்குக்கு அவன் வைத்திருந்த சட்டம் மிகச் சுருக்கம். சிவப்பு வந்தால் அம்மன் வந்துவிட்டாள், பயப்படத் தேவையில்லை. மஞ்சள் வந்தால் ஓடவேண்டும். ஊரில் எல்லாப் பேய்ப்படத்திலும் இது தலைகீழ்தான் என்றாலும், அவன் கேட்கமாட்டான்.

“அப்ப நீலம் இன்னாடா?” என்றேன்.

அவன் ஏழுமலையைப் பார்த்தான். ஏழுமலை தரையைப் பார்த்துச் சிரித்தான்.

“அத்த அப்பறமா சொல்றேன்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழுமலையின் அத்தை சோறு கொண்டுவந்தது. உள்ளே சிவப்பு வெளிச்சத்தில், முகமெல்லாம் குங்குமம் பூசி, புடவை கட்டி, வேப்பிலையோடு நிற்கிற மருமகனைப் பார்த்ததும் தூக்குவாளியைப் போட்டுவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது. “தாயே, என் பொண்ணு வூட்ல ஒரே பேஜாரா கீது, நீதான் பாத்துக்கணும்” என்று அழுதது. ஏழுமலை ஒரு நொடி தடுமாறினான். பிறகு குனிந்து அத்தை நெற்றியில் விபூதி வைத்து, “நான் பாத்துக்கறேன், போ” என்றான். அவன் சொன்ன விதத்தில் எனக்கும் கை தானாகக் கும்பிட்டது. ஜெலட்டின் கேமராவை நிறுத்தவே இல்லை. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. புகை பட்டிருக்கும் என்று நினைத்தேன். அன்றைக்குப் புகையே போடவில்லை.

கடைசிக் காட்சி மட்டும் பாக்கி இருந்தது. மஞ்சள் உள்ளே வந்த பிறகு சாமியாடிக்கு என்ன ஆகிறது? சிவப்பு ஜெயிக்க வேண்டும் என்றான் ஜெலட்டின். “நெசத்துல அப்டி ஆவாதே” என்றான் ஏழுமலை. இரண்டு ஞாயிறு இதையே பேசினார்கள். மூன்றாவது ஞாயிறு ஏழுமலை வரவில்லை. அவனுக்குப் பெண் பார்த்து முடிவாகிவிட்டது.

பத்திரிகை எங்கள் ஸ்டூடியோவுக்கே வந்தது. வீடியோ எடுக்கும் வேலையும் எங்களுக்குத்தான். தெரிந்த பையன் என்று ஓனர் ஜெலட்டினையே அனுப்பினார். அந்தப் பத்திரிகையின் மூலையை மட்டும் அவன் வெட்டவில்லை. எடுத்து மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டான்.

இங்கே தொழில் விஷயம் ஒன்று சொல்லவேண்டும். எது வெள்ளை என்பது கேமராவுக்குத் தானாகத் தெரியாது. முதலில் ஒரு வெள்ளைத் துணியைக் காட்டி ஒரு பட்டனை அழுத்த வேண்டும். அந்த வெள்ளையை வைத்துத்தான் அது மற்ற நிறங்களைக் கணக்குப் போடும். இதற்கு ஒயிட் பேலன்ஸ் என்று பெயர். எங்கள் ஸ்டூடியோ வழக்கப்படி மண்டபத்தில் முதலில் கண்ணில் படுகிற பெரியவரின் வேட்டியைத்தான் காட்டுவோம். ஜெலட்டின் கேமராவோடு வேட்டிக்கு முன்னால் குனிவான். காலில் விழுகிறான் என்று பெரியவர் நினைத்துக்கொள்வார். தலையில் கைவைத்து, “சீக்கிரம் உனக்கும் கல்யாணம் ஆவட்டும்பா” என்று வாழ்த்துவார். ஒவ்வொரு கல்யாணத்திலும் இது நடக்கும். நாங்கள் கணினிமுன் உட்கார்ந்து அந்த வாழ்த்துகளை மட்டும் வெட்டி ஒட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டுச் சிரிப்போம். அவனும் கூடவே சிரிப்பான்.

ஏழுமலை கல்யாண வீடியோ வந்தது. போட்டுப் பார்த்தேன். முழுக்க நீலம். மண்டபம் நீலம், மேடை நீலம், தட்டில் வாழைப்பழம் சாம்பல், மேளக்காரர் முகம் கத்திரிக்காய். நான் சொல்வதற்குள் ஜெலட்டினே கொடுத்தனுப்பிவிட்டிருந்த முதல் பிரதியைப் பார்த்துவிட்டு, கல்யாண வீட்டுக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். ஏழுமலையின் அம்மா படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதது. ஓனருக்கு மறுபடி சாமி வராத குறைதான்.

“ஆயிரம் கல்யாணம் எடுத்தவன்டா நீ! வேட்டிய காட்டி பட்டன அமுக்க தெரியாதா உனுக்கு?”

“தப்பாயிட்ச்சு ஓனரு.”

திருத்துகிற வேலை என் தலையில் விழுந்தது. அன்று சாயங்காலம் எல்லாரும் போனபிறகு என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

“மச்சான், அத்த அப்டியே வுட்டுடு.”

“இன்னாடா பேசுற? வேன் எடுத்துகினு வந்து கத்திட்டுப் போயிருக்காங்க.”

“எனுக்காவ வுட்டுடு. வேற எதுவும் உன்கிட்ட கேட்டதில்லையே?”

தொழில் தப்பை மறைக்கக் கெஞ்சுகிறான் என்றுதான் நினைத்தேன். “போடா பைத்தியம்” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொரு காட்சியாக மஞ்சளைத் திரும்பக் கொண்டுவந்தேன். தாலிக் கயிறு மஞ்சளானது. வேட்டி மஞ்சளானது. ஓனர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அடுத்த திங்கட்கிழமை ஜெலட்டின் வேலைக்கு வரவில்லை. அதன்பிறகு ஒருநாளும் வரவில்லை.

நான் அந்த நீலக் கல்யாணத்தைப் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிக்கவைத்தேன். பிறகு எழுத வந்தபோது இங்கேயும் எழுதினேன். கத்திரிக்காய் முகத்து மேளக்காரருக்குத்தான் அதிகக் கடிதம் வந்தது.

போன வருஷம் ஒருநாள் பழைய ஓனர் போன் செய்தார். கேளம்பாக்கத்தில் கடைகளுக்கு விளக்கு மாட்டுகிற வேலையில் இருந்த ஜெலட்டின், செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறானாம். போனேன். கட்டிலில் பாதியாகிக் கிடந்தான். கை மஞ்சள், நகம் மஞ்சள், கண் முழுக்க மஞ்சள். காமாலை முற்றிக் கல்லீரல் போய்விட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். என்னைப் பார்த்ததும் அவன்தான் முதலில் சிரித்தான்.

“கடைசில என்னையே புட்ச்சிட்ச்சு பாத்தியா மச்சான். கண்ணுலயே ஒயிட் பேலன்ஸ் பூட்ச்சு.”

நான் சிரிக்க முயன்று முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“நீ எழுதினத படிச்சேன். அந்த மேளக்காரரு மேட்டரு... நல்லா சிரிச்சேன்.”

அவன் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே சிரித்திருக்கிறான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“திருத்துனதுக்கு முன்னாடி கீற வீடியோ உன்கிட்ட கீதா?” என்று கேட்டான். “படம் முடிக்கணும். கடைசி சீன் அதுதான்.”

ஸ்டூடியோவை மூடியபோது பழைய ஹார்டு டிஸ்குகளை ஒரு சாக்குப்பையில் கட்டி ஓனர் என்னிடம் கொடுத்திருந்தார். என்றைக்காவது தூக்கிப்போட வேண்டும் என்று பரணில் வைத்திருந்தேன். ஒரு நாள் முழுக்கத் தேடி அந்த நீலத்தைக் கண்டுபிடித்து, மடிக்கணினியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவன் மடியில் வைத்து ஓடவிட்டேன்.

“அவன் வேட்டிய பாரு” என்றான்.

பார்த்தேன். எல்லாம் நீலமாக இருந்த அந்த மேடையில் ஏழுமலையின் வேட்டி மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. அது முகூர்த்த வேட்டி. மஞ்சள் தண்ணீரில் முக்கிக் காயவைத்தது. வெள்ளையாக இருக்க வழியே இல்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எந்தப் பெரியவரின் வேட்டிக்கும் அவன் அன்றைக்குக் குனியவில்லை. ஏழுமலையின் மஞ்சள் வேட்டியைக் கேமராவுக்குக் காட்டி, இதுதான் வெள்ளை என்று சொல்லிப் பட்டனை அழுத்தியிருக்கிறான். கேமரா நம்பிவிட்டது. மஞ்சள் அத்தனையும் அதன் கணக்கில் வெள்ளையாகி, வெள்ளை எல்லாம் நீலமாகிவிட்டது. தாலி கட்டுகிற இடத்தில் நிறுத்தினான். கயிறும் வெள்ளையாக, ஏதோ பொட்டலம் கட்டுகிற நூல்போல இருந்தது.

“பாத்தியா மச்சான்? அங்க கல்யாணமே நடக்கல.”

எத்தனை வருஷம். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு ஏழுமலை யார் என்று எனக்குத் தெரியவில்லை. தன் உயிரானவன் இன்னொருத்தி கழுத்தில் தாலி கட்டுவதை நின்று படம் எடுத்துவிட்டு வந்தவனிடம், அவனுக்கென்று மிஞ்சிய அந்த ஒன்றையும் நான் மூன்று நாள் உட்கார்ந்து அழித்திருக்கிறேன். “மன்னிச்சுக்கடா” என்றேன். அவன் கையை ஆட்டி விட்டுவிடு என்றான்.

“ஒண்ணு மட்டும். அந்தப் பொண்ணு மூஞ்சி படத்துல வரக்கூடாது. அவ இன்னா பாவம் பண்ணா. அப்பறம் ஏழுமலைய கேக்காம எதுவும் பண்ணாத.”

சதுரங்கப்பட்டினம் போனேன். ஏழுமலை மணலில் குத்துக்காலிட்டு ஒரு எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன். ஸ்பேனர் பிடித்த கை அப்படியே நின்றது.

“நீலமா மொதல்ல ஒண்ணு குடுத்தீங்களே, அதுவா?”

“ஆமா.”

“அத்த ஒரு தபா பாத்தேன். என் வேட்டிய பாத்ததுமே தெரிஞ்சிட்ச்சு. திருப்பி குடுக்கக் கூடாதுன்னு எங்கம்மாகிட்ட எவ்ளோ சண்ட போட்டேன் தெரியுமா? அது கேக்கல. ரெண்டாவதா நீங்க குடுத்தத நான் பாக்கவே இல்ல.” ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, “எந்த வார்டு?” என்றான்.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டான். கட்டில் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். ஜெலட்டின் முகத்தை ஏழுமலையிடமிருந்து திருப்பிக்கொண்டே இருந்தான். தன் மஞ்சள் கண்ணை அவன் பார்க்கக் கூடாதாம். எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. ஆணியில் மாட்டியிருந்த அவன் சட்டையில் கையைவிட்டேன். மடித்த தாள்கள் இருந்தன. நீலத்தை எல்லாம் பிரித்து, பிளாஸ்திரி வாங்கி, கட்டிலுக்கு நேரே இருந்த ஜன்னலில் ஒட்டினேன். கட்டில், போர்வை, மருந்துப் பாட்டில், எல்லாம் நீலமானது.

நர்சம்மா உள்ளே வந்து திகைத்து நின்றது. “இன்னா சார் இது? காமாலைக்கு நீல லைட்டு வைக்கிறது பொறந்த கொழந்தைக்குத்தான். பெரியவங்களுக்கு இதெல்லாம் கேக்காது சார்.”

“தெரியும்மா. பத்து நிமிஷம்.”

அது இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனது. ஜெலட்டின் திரும்பினான். அந்த வெளிச்சத்தில் அவன் கண்ணில் மஞ்சள் தெரியவில்லை. ஏழுமலை அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். நான் வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்று அழுதேன்.

படத்தை முடித்துக் காட்டினேன். ஒரு முறை பார்த்தான். “முன்னாடி ரெண்டு செகண்டு கம்மி பண்ணு” என்றான். பண்ணினேன். அதற்கு அடுத்த வாரம் போய்விட்டான்.

மாமல்லபுரத்தில் அதே சிற்பக்கூடத்தில், பாதி செதுக்கிய நந்திகளை ஓரம் தள்ளி, வெள்ளைத் துணி ஒன்றைத் திரையாகக் கட்டி, ‘மஞ்ச வருது’ ஓட்டினோம். இருபது பேர் இருப்பார்கள். நான் “நல்லா இருக்கியா மாப்ள?” என்று கேட்கிற இடத்தில் முன்வரிசைப் பெண் ஒருத்தி வீறிட்டாள். கடைசிக் காட்சி வந்தது. நீலத்துக்கு நடுவே ஒரு வெள்ளை வேட்டி. அவ்வளவுதான்.

முடிந்ததும், திரையில் நின்றிருந்த நீல வெளிச்சத்திலேயே, சென்னையிலிருந்து வந்திருந்த கண்ணாடிக்காரர் ஒருவர் எழுந்து விளக்கம் சொன்னார். நீலம் இங்கே மரணத்தின் குறியீடு என்றார். கடவுள் கைவிட்ட வெறுமை என்றும் சொன்னார். நான்கைந்து பேர் தலையாட்டினார்கள். நீலம் என்ன என்று நானும் ஒருமுறை கேட்டிருந்தேன். ஜெலட்டின் அப்புறமாகச் சொல்கிறேன் என்றவன் சொல்லாமலே போய்விட்டான்.

பின்னால் நந்தி பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஏழுமலை பேசினான்.

“இல்ல சார். அது காலைல அஞ்சர மணி. போட்டு கடல்ல எறக்குற நேரம். கரை, தண்ணி, மனுசன் எல்லாம் அப்டித்தான் இருக்கும். ரெண்டு பேரு நின்னுகினு ஒரே கிளாஸ்ல டீ குடிச்சா கூட யாருக்கும் தெரியாது.”

கண்ணாடிக்காரர் திரும்பிப் பார்த்தார். “நீங்க யாரு? படக்குழுவா?”

ஏழுமலை கூட்டத்தைப் பார்த்தான். அதில் அவன் குப்பத்து ஆட்களும் மூன்று நான்கு பேர் இருந்தார்கள். ஒரு அடி முன்னால் வந்தான்.

“அந்த வேட்டி என்னுது சார்” என்றான்.

விளக்கைப் போட வேண்டியவன் நான்தான். போடக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன்.

இப்போதும் என் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகைகள் வருகின்றன. “உங்களுக்கு என்ன கேடு வந்தது?” என்று என் மனைவி சத்தம் போடுகிறாள். நான்கு மூலையையும் நறுக்கி, அதன் பிறகுதான் படிக்கிறேன். பேரும் ஊரும் அப்படியேதான் இருக்கின்றன, ஜெலட்டின்.